திறப்பு யாரிடம் இருக்கிறது? ஊர் வாசிகசாலையைத் திரும்ப நடத்துவது எப்படி

யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரு சனசமூக நிலையம் இருக்கும். முன்னுக்கு ஒரு சின்ன விறாந்தை, பெயர்ப்பலகையில் தொடங்கிய வருடம், உள்ளே நாலு வாங்கு, சுவரில் திருவள்ளுவரோ பாரதியோ விவேகானந்தரோ, பக்கத்தில் காணி இருந்தால் கரப்பந்தாட்ட வலைக்கு நட்ட இரண்டு தூண். வாசிகசாலை என்று சொல்லித்தான் அநேகம் பேருக்குப் பழக்கம். கட்டடத்துக்குக் குறைவில்லை, பூட்டிக் கிடக்கிற கட்டடத்துக்கும் குறைவில்லை. "நிலையத்தைத் திரும்ப நடத்த வேணும், எங்கயிருந்து தொடங்குறது?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, திறப்பு, அதாவது கதவுச் சாவி, யாரிடம் இருக்கிறது என்பதைத்தான்.

வழக்கமாக வருகிற பதில்: தலைவரிடம் இருக்கிறது, தலைவர் மகள் வீட்டுக்குக் கொழும்புக்குப் போய்விட்டார். அல்லது முன்பள்ளி ரீச்சரிடம் இருக்கிறது, அவ பன்னிரண்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு போய்விடுவா. சரி, அப்படியென்றால் பெயின்ற் அடிப்பது, ஓடு மாற்றுவது, புது நிர்வாகம் தெரிவது எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் மாதம் ஒரே வேலைதான்: தினமும் பின்னேரம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை கதவு திறந்திருக்க வேண்டும்.

ஏழு பேரைப் பிடியுங்கள், ஆளுக்குக் கிழமையில் ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கிடைக்கவில்லையா, ஞாயிறு பூட்டு என்று பலகையில் எழுதிவிடுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் திங்கள் திறப்போம் என்று எழுதிவிட்டுத் திங்கள் பூட்டிக் கிடந்தால், சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போன அந்த ஐயா அடுத்த கிழமை வர மாட்டார். ஏழு பேரும் பெரியாட்களாக இருக்கத் தேவையில்லை. ஏ.எல் சோதனை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைகள் இதற்கு நல்ல ஆட்கள். நேரமும் இருக்கிறது, ஊரில் ஒருவர் தன்னை நம்பித் திறப்பைத் தந்திருக்கிறார் என்ற எண்ணமும் இருக்கும். ஒரே மாதிரி மூன்று திறப்பு வெட்டுவியுங்கள். ஒன்று கட்டாயம் நிலையத்துக்கு அடுத்த வீட்டில் இருக்க வேண்டும்.

திறக்கிறவர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். தும்புத்தடியால் ஒருக்கால் கூட்டி, லைற்றைப் போட்டு, பேப்பரை மேசையில் விரித்து வைத்துவிட்டு இருந்தால் போதும். யாரும் வராவிட்டாலும் இருக்க வேண்டும், கஷ்டம் அதில்தான். எங்கள் நிலையத்தில் முதல் எட்டு நாளும் வந்தது ஒழுங்கை நாய் ஒன்று மட்டும். ஒன்பதாம் நாள் ஒரு ஐயா வந்தார், மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு வாசித்தார், ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார். அடுத்த நாள் அவரோடு இன்னும் இரண்டு பேர்.

பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வாசிகசாலை நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இதில்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் கடதாசி தட்டுப்பட்டு, விலை ஏறி, பக்கம் குறைந்தபோது நாங்களும் பேப்பர் எடுப்பதை நிறுத்தினோம். நிறுத்தியதைத் திரும்பத் தொடங்கக் காசு சேர்த்துப் பார்த்தோம், இரண்டு மாதத்தில் சந்தா வாங்கப் போகிறவருக்கே அலுத்துவிட்டது. பிறகு ஒரு வழி பிடித்தோம். முப்பது வீடு, ஒரு வீட்டுக்கு மாதத்தில் ஒரு நாள். காசு வாங்குவதில்லை. அன்றைக்கு முறை உள்ள வீட்டுக்காரர் கடையில் பேப்பரை வாங்கி, தன் கையாலேயே கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். ஒரு பேப்பரின் விலை யாருக்கும் பாரமில்லை, ஆனால் மாதத்தில் ஒரு தடவையாவது முப்பது வீட்டாரும் அந்த வாசலால் உள்ளுக்கு வந்துவிடுகிறார்கள். வீரகேசரியா உதயனா வலம்புரியா என்ற பழைய சண்டையும் முடிந்தது: வாங்குகிறவர் விருப்பம்.

அடுத்தது சிரமதானம். இதைச் செய்யத் தெரியாத ஊர் கிடையாது, இருந்தும் அநேகமான சிரமதானம் பதினைந்து பேர் நின்று பார்க்க நாலு பேர் வெட்டுகிற கதையாகத்தான் முடிகிறது. எந்த நாள் என்று யோசிக்க வேண்டாம்: போயா, பௌர்ணமி நாள். மாதம் தவறாமல் வரும், அரசாங்க விடுமுறை, கலண்டரில் ஏற்கெனவே சிவப்பாக இருக்கிறது. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு நிறுத்துங்கள், வேலை மிச்சமிருந்தாலும் நிறுத்துங்கள். மதியம் வரை இழுத்தால் அடுத்த மாதம் பாதிப்பேர் வர மாட்டார்கள். ஆகவே மூன்று மணித்தியாலத்தில் முடிந்து கண்ணுக்குத் தெரிகிற வேலையாக ஒன்றை எடுங்கள். "ஊரைத் துப்புரவாக்குவோம்" என்று தொடங்காதீர்கள், "நிலையத்திலிருந்து மதகு வரைக்குமான வாய்க்கால்" என்று அளந்து சொல்லுங்கள். முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் யார் எதைக் கொண்டுவருவது என்று பெயரோடு போடுங்கள்: மண்வெட்டி ஆறு, கத்தி நாலு, கடகம் ஐந்து, அலவாங்கு ஒன்று, தள்ளுவண்டில் ஒன்று. "எல்லாரும் ஏதாவது கொண்டு வாங்கோ" என்றால் பத்து விளக்குமாறு வந்து சேரும்.

இன்னொன்று, வெட்டி எடுத்த குப்பை எங்கே போகும் என்று முதலே முடிவு செய்யுங்கள். பிரதேச சபைக்கு ஒரு கிழமைக்கு முன்பே கடிதம் கொடுத்து உழவு இயந்திரம் வருகிற நேரத்தை உறுதிப்படுத்துங்கள், கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரையும் வாங்குங்கள். நாங்கள் முதல் தடவை தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டு இருந்தோம், குப்பைக் குவியல் மூன்று கிழமை வாசலில் கிடந்து நாறியது. துப்புரவாக்கப் போய் ஊரிடம் பேச்சு வாங்கிய கதை அது. தேத்தண்ணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிளேன்ரீயும் பனங்கட்டியும் போதும், ஆனால் எட்டு மணிக்குச் சரியாக வர வேண்டும், ஊற்றுகிற வேலை எப்போதும் பெண்களின் தலையில் விழக் கூடாது.

செப்டெம்பர் போயாவை மட்டும் மழைக்கென்று ஒதுக்குங்கள். ஒக்டோபரில் மாரி தொடங்கிவிடும், அதற்குள் கூரைப் பீலி துடைத்து, வாய்க்கால் திறந்து, சிரட்டை, ரயர், உடைந்த பூச்சாடி எல்லாம் பொறுக்கிவிட வேண்டும். டெங்கு எங்கள் பக்கம் மழையோடுதான் கூடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு வார்த்தை சொன்னால் அவரும் வந்து நிற்பார், அவர் கூட வந்தால் பூட்டிய வளவுக்காரரும் கேற்றைத் திறப்பார்கள்.

இப்படி மூன்று மாதம் ஓடிய பிறகு பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள், அதற்கு முன் வேண்டாம். முதலிலேயே கூட்டினால் பழைய கணக்கு, பழைய கோபம் என்று இரண்டு மணித்தியாலம் போய்விடும். கதவு திறந்திருப்பதைக் கண்ட பிறகு வருகிற கூட்டம் வேறு மாதிரி இருக்கும். சனசமூக நிலையம் பிரதேச சபையில் பதியப்படுகிற அமைப்பு, ஆகவே சபையின் சமுதாய அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவியுங்கள், அவர் முன்னிலையில் தெரிவு நடந்தால் பிறகு "அந்தக் கூட்டம் செல்லாது" என்று யாரும் கிளம்ப மாட்டார்கள். பழைய பதிவு இலக்கத்தையும் நிலையத்தின் விதிகள் எழுதிய யாப்பையும் தேடி எடுங்கள், இடப்பெயர்வுகளில் தொலைந்துபோயிருந்தால் சபையில் கேட்டுப் பாருங்கள். காணி உறுதியையும் பாருங்கள். வாய்வார்த்தையில் காணி கொடுத்தவர் நல்ல மனுசன்தான், அவருடைய பேரப்பிள்ளைகளை நீங்கள் கண்டதில்லை.

நிர்வாகத்தில் ஒரு விதி வையுங்கள்: கோயில் சபை, விளையாட்டுக் கழகம், கிராம அபிவிருத்திச் சங்கம், இந்த மூன்றிலும் பதவியில் இருக்கிற அதே ஐந்து பேர் இங்கேயும் வேண்டாம். அவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், களைத்தும் இருப்பார்கள். வங்கிக் கணக்கில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து. ஐம்பது ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு. மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி அறிவித்தல் பலகையில் குத்திவிடுங்கள். யாரும் வாசிக்காவிட்டாலும் அது அங்கே தொங்குகிற வரைக்கும் சந்தியில் கதை குறைவு. 2023 மார்ச்சுக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் பிரதேச சபைகளில் உறுப்பினர்களே இருக்கவில்லை, 2025 மே 6 தேர்தலோடுதான் திரும்ப வந்தார்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் தெருவிளக்குக் கேளுங்கள், வாய்க்காலுக்கு மூடி கேளுங்கள், விழாவுக்கு அழையுங்கள், நிர்வாகத்தில் பதவி மட்டும் கொடுக்காதீர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும்.

கதிரை. இதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். ஊரில் செத்தவீடு என்றால் முதலில் ஓடி வருவது நிலையத்துக் கதிரைக்கும் தறப்பாளுக்கும்தான், நிலையம் எல்லா வீட்டுக்கும் வேண்டியதாக இருக்கிற காரணமும் அதுதான். போகிற கதிரை ஐம்பது, வருவது நாற்பத்தாறு, அதில் மூன்று நாங்கள் கண்டிராத நிறம். ஒவ்வொரு கதிரையின் அடியிலும் நிலையத்தின் எழுத்தையும் இலக்கத்தையும் எனாமல் பெயின்றால் எழுதுங்கள், மேலே எழுதினால் சாமத்தியவீட்டுப் படத்தில் தெரிகிறது என்று சுரண்டிவிடுவார்கள். ஒரு கொப்பியில் எடுத்தவர், எண்ணிக்கை, திகதி, கையெழுத்து. செத்தவீட்டுக்கு வாடகை இல்லை, எட்டுச் செலவுச் சடங்கு முடியும்வரை திருப்பிக் கேட்பதும் இல்லை. கலியாணம், பிறந்தநாளுக்கு வாடகை. உடைந்த கதிரைக்குக் காசு, நிர்வாகசபைத் தலைவரின் மச்சானாக இருந்தாலும் காசு.

வெளிநாட்டுக் காசைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் மனதோடு அனுப்புகிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அனுப்புகிறவருக்குக் கட்டடம்தான் படத்தில் தெரியும். எங்களுக்கும் அப்படி ஒரு மேல்மாடி வந்தது, திறப்புவிழாக் கல்லில் பதினெட்டுப் பெயர், இன்றைக்கு அந்த மாடிப்படியில் புறா மட்டும் ஏறுகிறது. இனி யாராவது "என்ன தேவை?" என்று கேட்டால் மாதக் கணக்கில் கேளுங்கள்: கரண்ட் பில், பின்னேர வகுப்பு எடுக்கிற பிள்ளைக்குப் போக்குவரத்துச் செலவு, மலசலகூடத்துக்கு ஒழுங்கான கொழுக்கி போட்ட கதவு. சிறிய தொகை, வருடக் கணக்கில். சிலருக்கு இது பிடிக்காது, கல்லில் பெயர் வராதே.

அந்த மலசலகூடக் கதவை வேண்டுமென்றுதான் சொன்னேன். பெண்கள் ஏன் வருவதில்லை என்று ஆண்கள் மட்டும் கூடிப் பேசுகிற கூட்டங்களில் நான் இருந்திருக்கிறேன். வெளி லைற் எரிகிறதா, கதவு பூட்டுப்படுமா, விறாந்தையில் சிகரெட்டோடு யாராவது நிற்கிறார்களா, இந்த மூன்றையும் பார்த்தாலே பதில் வந்துவிடும். மாதர் சங்கத்துக்குச் சனிக்கிழமைப் பின்னேரத்தை எழுதிக் கொடுங்கள், அந்த நேரம் திறப்பும் அவர்களிடமே இருக்கட்டும். அப்புறம், ஒரே ஊரில் நூறு யார் தூரத்தில் இரண்டு வாசிகசாலை ஏன் இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், பேசத்தான் மாட்டோம். சாதியைக் கூட்டம் போட்டுப் பேசித் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு நிலையமும் சேர்ந்து ஒரு ஓவர்கேம் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி வையுங்கள், அணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துவிடுங்கள், தேத்தண்ணியை ஒரே வாளியிலிருந்து ஒரே மாதிரிக் கோப்பையில் ஊற்றுங்கள். கோப்பை விஷயத்தில் யாராவது முகம் சுளித்தால் அவரை அடுத்த தெரிவில் நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்க எல்லாரும் ஆசைப்படுவார்கள், நல்லது. புலமைப்பரிசில் வகுப்பு மட்டும் வேண்டாம், அதற்கு ரியூசன் கொட்டில்கள் போதுமான அளவு இருக்கின்றன. மேசை, வெளிச்சம், வீட்டுப்பாடம் செய்ய ஒரு இடம், பக்கத்தில் கேட்டால் சொல்லித்தர ஒரு அக்கா. அவ்வளவுதான்.

கடைசியாக, வெள்ளம். பள்ளக்காணி வீடுகளுக்குள் தண்ணி ஏறினால் சனம் முதலில் வருவது பள்ளிக்கூடத்துக்கும் நிலையத்துக்கும்தான். கிராம அலுவலரின் பதிவு, சமைத்த சாப்பாடு எல்லாம் விடிந்த பிறகு வரும், இரவு பன்னிரண்டு மணிக்குத் தேவைப்படுவது திறந்த கதவும் காய்ந்த நிலமும். மாரிக்கு முன்பே பாய் இருபது, இரண்டு ரோர்ச், ஒரு பெரிய கிடாரம் எங்கே இருக்கிறது என்று எழுதி வையுங்கள், திறப்பு உள்ள மூன்று வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் வெளிச்சுவரில் எழுதுங்கள். 2020 டிசம்பரில் புரவிப் புயல் வந்த இரவு எங்கள் திறப்பு வவுனியாவில் இருந்தது. கைக்குழந்தையோடு நாலு குடும்பம் விறாந்தையில் நனைந்துகொண்டு நிற்க, அலவாங்கால் பூட்டை உடைத்தோம். பிறகு புதுப் பூட்டுப் போட்டாயிற்று, கதவு நிலை பிளந்தது பிளந்ததுதான், இன்றைக்கும் அந்தக் கதவைச் சாத்துவதென்றால் தோளால் ஒரு இடி இடிக்க வேண்டும்.