பிள்ளை தலையில் மருந்து போடுமுன்: அலுக்காமல் நடக்கும் தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சலூன்களில் நாற்காலி காலியாகாது. அம்மாவோடு ஆறேழு வயசுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். "இவளுக்கும் நேராக்கி விடுங்க" என்றதும், தொழிலுக்குப் புதியவர்கள் கிண்ணத்தில் முடி நேராக்கும் மருந்தைக் கலக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கையுறை, பழைய துண்டு போன்ற அடிப்படைகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

முன்பு என்ன போட்டார்கள் என்று கேட்காதது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். ரீபாண்டிங் மருந்தும் பெட்டியில் வரும் ரிலாக்ஸரும் பெற்றோருக்கு ஒன்றுதான், "நேராக்குற கிரீம்". ரீபாண்டிங்கில் பொதுவாக இருப்பது அமோனியம் தயோகிளைகோலேட், பிஎச் (காரத்தின் அளவு) 9 வாக்கில். முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பைப் பிரித்து, அயர்னில் நேராக்கி, நியூட்ரலைசர் போட்டுத் திரும்ப இணைப்பார்கள். ரிலாக்ஸரில் இருப்பது ஹைட்ராக்சைடு, பிஎச் 12க்கு மேல். பிணைப்பில் உள்ள இரண்டு கந்தகத்தில் ஒன்றை அது பிடுங்கிவிடும், பழைய நிலைக்குத் திருப்ப வழியில்லை. ஒன்றின்மேல் மற்றது விழுந்தால் ஊறின மீஹூன் (அரிசி நூடுல்ஸ்) மாதிரி, இழுத்த இடத்தில் முடி அறும். பள்ளி விடுமுறையில் அத்தை வீட்டில் பெட்டி மருந்து, தீபாவளிக்குச் சலூனில் ரீபாண்டிங். அலசும்போதே கொத்தாகக் கையோடு வரும். மாதம் 1 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் முடி வளரும். காதருகே அறுந்தது தோளைத் தொட ஒரு வருஷத்துக்கு மேலாகும்.

"மருந்து போட்டீங்களா?" என்றால் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். "ரெண்டு வருஷத்துல முடிக்கு என்னென்ன வாங்குனீங்க, பெட்டியில என்ன போட்டிருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் குழப்பமாக இருந்தால் பின்கழுத்தின் உள்பக்கத்திலிருந்து சிறு கற்றை வெட்டி, நூலால் கட்டி, அதே மருந்தைத் தடவி 15 நிமிடம் விட்டு அலசிப் பாருங்கள். ரப்பர் போல நீண்டாலோ பிசுபிசுத்தாலோ அன்றைக்கு வேலை இல்லை.

"நோ லை" என்றால் எரியாது என்ற நம்பிக்கை

"நோ லை", அதாவது லை இல்லாதது, என்று எழுதின ரிலாக்ஸர் பெட்டியில் சிரிக்கும் குழந்தை. உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு கிரீமும் குவானிடின் கார்பனேட் திரவமும். கலந்தால் வருவது குவானிடின் ஹைட்ராக்சைடு. லை என்பது சோடியம் ஹைட்ராக்சைடின் பெயர். அது இல்லை என்பதோடு சரி, காரம் குறையவில்லை. அன்று காலை தலை குளித்த, பேன் சீப்பு கீறின மண்டையில் இது பட்டால் புண்தான். பிள்ளை "எரியுது" என்றால் உடனே அலசுங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம், பொறு" என்பது வேண்டாம்.

மொட்டை முடிக்கு மருந்து

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை போட்டால் முடி நேராக முளைக்காது. சுருள் வேர்க்குழியின் வடிவத்தில் இருக்கிறது. மொட்டைக்குப் பின் வளர்ந்த ஐந்து சென்டிமீட்டர் முடியில் தடவும் மருந்து மண்டைத்தோலுக்கும் போகும்.

கெரட்டின்

கெரட்டின் என்ற பெயரில் வரும் முடி நேராக்கும் மருந்துகள் சிலவற்றிலிருந்து அயர்ன் சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளிவரும். பிள்ளைக்கு வேண்டாம்.

காலை ஆறு மணிக்கு எடுத்த முடிவு

பள்ளி பஸ் வரும் நேரத்தில், காய்ந்த முடியில் வேரிலிருந்து சீப்பை இழுத்தால் எந்தப் பிள்ளையும் அழும். நேராக்கிவிடலாம் என்று பெற்றோர் முடிவெடுப்பது அப்போதுதான். முந்தின இரவே நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, நான்கு பாகமாகப் பிரித்து, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, அலசி, தளர்வாகப் பின்னி விடுங்கள். முதல் தடவை வரும் பெற்றோரை, இதை ஒரு மாதம் செய்துவிட்டு வாருங்கள் என்றுதான் திருப்பி அனுப்புகிறோம்.