இரண்டாம் முறை தெளிந்த குடல்

வெள்ளவத்தையில் வசிக்கும் அப்பாவுக்குச் செய்த முதல் கொலனோஸ்கோப்பியை (கமெராக் குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை), குடற்சுவரில் ஒட்டியிருந்த மலம் சிறு கட்டிகளை மறைத்துவிடும் என்று சொல்லி வைத்தியர் இடையிலேயே நிறுத்திவிட்டார். தவறு என் சமையலில் இருந்தது. முந்திய நாள்வரை குரக்கன் பிட்டும் கொய்யாப்பழமும் கொடுத்திருந்தேன், அவற்றின் தவிடும் விதைகளும் குடலில் தங்கிவிடும் என்று நினைக்கவேயில்லை.

மறுமுறை மூன்று நாட்களுக்கு வெள்ளைச் சோறு, கோதுமை மா இடியப்பம், அவித்த மீன் மட்டுமே. கடைசி நாள் தெளிந்த திரவ உணவு மட்டும். இரத்தம்போல் தோன்றக்கூடும் என்பதால் சிவப்புப் பானங்களைத் தவிர்த்தோம். நீரிழிவு மாத்திரைகளை வைத்தியரே மாற்றியமைத்தார். 4 லீற்றர் பேதிமருந்தை ஒரேயடியாகக் கொடுக்காமல், அவர் சொன்னபடி 2 லீற்றரை முந்திய நாள் மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்கு ஐந்து மணித்தியாலம் முன்பாகவும், நன்கு குளிரவைத்துக் கோப்பை கோப்பையாகக் கொடுத்தேன். விடியற்காலையில் ரோச் வெளிச்சத்தில் பார்த்தபோது, கழிந்த நீர் இளமஞ்சளாக, அடி தெரியும்படி இருந்தது. அன்று பரிசோதனை முழுமையாக முடிந்தது.