ஞாயிற்றுக்கிழமைப் பானையும் ஒரு கம்பளிக் கோட்டும்: கிரெனோபிளில் குளிர்காலத்தைச் சமாளிப்பது எப்படி

பிரெஞ்சுச் சமையல் என்றதும் உயரமான வெள்ளைத் தொப்பியும், பெரிய தட்டின் நடுவே உள்ளங்கையளவு உணவும் நினைவுக்கு வந்தால் அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். வீடுகளில், அதுவும் குளிர்காலத்தில், நடப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பானை அடுப்பில் ஏறும். அதில் வெந்தது புதன்கிழமை வரை வேறு வேறு பெயரில் மேசைக்கு வரும். உடுப்பதிலும் இதே கணக்குதான்: கொஞ்சம் துணி, நல்ல துணி, திரும்பத் திரும்ப அதே துணி.

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். கல்யாணமாகி வந்து சேர்ந்த இடம் தென்கிழக்குப் பிரான்ஸில் இருக்கும் கிரெனோபிள் நகரம். வெர்கோர், ஷார்த்ரூஸ், பெல்தோன் என்று சுற்றிலும் மலை, டிசம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டு. என் மாமியார் இந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கீழே எழுதியிருப்பதில் பாதி அவரிடம் கற்றது, மீதி அவரோடு வாதாடிக் கற்றது.

முதலில் பானை

பிரெஞ்சுக் குளிர்காலத்தின் தலைமை உணவு பொத்தோஃபே. மாட்டின் முன்தொடை, விலா, மஜ்ஜை எலும்பு எல்லாம் போட்டு, கிழங்கு காய்களோடு மூன்று நான்கு மணி நேரம் வேகவைப்பது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்குக் கவலை வேண்டாம், இதற்கு ஒரு கோழி வடிவம் உண்டு. ஞாயிறுதோறும் குடியானவர் பானையில் ஒரு கோழி வேக வேண்டும் என்று பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி ஆசைப்பட்டதாகச் சொல்வார்களே, அந்தக் கோழிதான். ஹென்றி பிறந்தது பேயார்ன் பகுதி, இந்தச் சமையலுக்கும் அதுவே தாய்வீடு. எங்கள் வீட்டில் பெரும்பாலும் கோழிதான் வேகும்.

கோழி முற்றியதாக இருக்க வேண்டும். முட்டையிட்டு ஓய்ந்த பெட்டை, இரண்டு கிலோ அளவில். ஊரில் செய்பவர்கள் நாட்டுக்கோழி வாங்குங்கள். பிராய்லர் ஒரு மணி நேரத்திலேயே நார்நாராகிவிடும், ரசத்தில் (நம் புளி ரசம் இல்லை, கோழி வெந்த சாறு) சுவையும் இறங்காது. அது மட்டும்தான் கிடைக்கும் என்றால் நேரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொள்ளுங்கள்.

கோழியைப் பானையில் வைத்து, அது முழுகும் வரை பச்சைத் தண்ணீர் ஊற்றவும். சுடுதண்ணீர் கூடாது. தண்ணீரோடு சேர்ந்து மெதுவாகச் சூடேறினால்தான் அழுக்கெல்லாம் நுரையாக மேலே வரும், ரசம் தெளிவாக இருக்கும். முதல் கொதி வரும்போது அந்தச் சாம்பல் நிற நுரையைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நுரை நின்றபின் லிட்டருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி கல்லுப்பு, பத்து மிளகு, மூன்று கிராம்பு குத்திய ஒரு முழு வெங்காயம். அப்புறம் ஒரு சிறு கட்டு: தைம், பிரிஞ்சி இலை, பார்ஸ்லி மூன்றையும் வெங்காயத்தாள் இனமான லீக்கின் பச்சைத் தாளில் சுற்றி நூலால் கட்டிப் போடவும்.

இப்போது தீயைக் குறையுங்கள். நம் வீடுகளில் கறி என்றால் தளதளவென்று கொதிக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. தண்ணீரின் மேல்பரப்பு லேசாக நடுங்க வேண்டும், எப்போதாவது ஒரு குமிழி வந்து உடைய வேண்டும், அவ்வளவுதான். கொதிக்க விட்டால் இறைச்சி இறுகும், ரசம் கலங்கும். மூடியைச் சற்றே திறந்து வைத்து இரண்டரை மணி நேரம் விடவும். கடைசி முக்கால் மணியில் நான்கு கேரட், மூன்று லீக், மூன்று டர்னிப், ஒரு செலரித் தண்டு. உருளைக்கிழங்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் வேக வேண்டும், அதன் மாவு ரசத்தைக் கெடுக்கும்.

குக்கரில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. பிரஷர் குக்கரின் மூதாதையைச் செய்ததே தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர்தான், லண்டனில் இருந்தபோது, 1679-ல். 1953-ல் செப் நிறுவனம் கொண்டுவந்த கொக்கோத்-மினுத் குக்கர் இல்லாத பாட்டி வீட்டை இங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முற்றின கோழிக்கு அழுத்தம் ஏறியபின் சிம்மில் முக்கால் மணி நேரம். ஆனால் நுரை எடுக்கும் வேலையை மூடும் முன்பே முடித்துவிடுங்கள். காய்களைக் குக்கர் திறந்தபின் சாதாரணமாக வேகவையுங்கள். மாமியாருக்கு இதில் உடன்பாடு இல்லை. சாப்பிடும்போது வித்தியாசம் கண்டுபிடித்ததும் இல்லை.

பரிமாறுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ரசம் மட்டும், ஆளுக்கு ஒரு கிண்ணம். பிறகு இறைச்சியும் காயும் பெரிய தட்டில். பக்கத்தில் கல்லுப்பு, தீஜோன் கடுகு விழுது, சின்ன வெள்ளரி ஊறுகாய். கோழியாக இருந்தால் ரசத்திலேயே வேகவைத்த சாதமும் ஒரு வெள்ளைச் சாஸும் சேர்ந்துகொள்ளும்: 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, அரை லிட்டர் ரசத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, இறக்கும்போது கொஞ்சம் கிரீம், எலுமிச்சைச் சாறு. சாதத்தோடு சாப்பிடும் பிரெஞ்சு உணவுகளில் எனக்கு முதலிடம் இதற்குத்தான்.

மிச்சத்துக்குத்தான் இவ்வளவு பாடு. இரவே ரசத்தை வடிகட்டி, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் மேலே கொழுப்பு உறைந்து நிற்கும், அதை எடுத்து உருளைக்கிழங்கு வறுக்க வைத்துக்கொள்ளலாம். திங்கள் இரவு அந்த ரசத்தில் பொடிச் சேமியா போட்டு சூப், கூட ரொட்டி, சீஸ். செவ்வாய் இரவு மீந்த இறைச்சியை உதிர்த்து, வதக்கிய வெங்காயம் பூண்டோடு கலந்து, மேலே உருளைக்கிழங்கு மசியல் பரப்பி ஓவனில் சிவக்க விட்டால் ஆஷி பார்மாந்தியே. ஏழாண்டுப் போரில் பிரஷ்யாவில் கைதியாக இருந்தபோது உருளைக்கிழங்கு தின்று உயிர் வாழ்ந்து, ஊர் திரும்பியபின் அதைப் பிரெஞ்சுக்காரர்களைச் சாப்பிட வைக்கப் பாடுபட்ட மருந்தாளர் பார்மாந்தியேவின் பெயர் அது. பாரிஸ் மெட்ரோவில் அவர் பெயரில் ஒரு நிறுத்தமே உண்டு.

உருளைக்கிழங்கும் சீஸ் சண்டையும்

உருளைக்கிழங்கு வில்லைகளைப் பாலும் கிரீமும் சேர்த்து ஓவனில் வைக்கும் கிரத்தேன் தோஃபினுவா எங்கள் பகுதியின் சொத்து. 1788 ஜூலையில் காப் நகரில் நடந்த ஒரு விருந்தில் பரிமாறியதாகப் பதிவு இருக்கிறது. இதில் சீஸ் கிடையாது. மறுபடியும் சொல்கிறேன், கிடையாது. சீஸ் போட்டால் அது பக்கத்து சவுவா மாநிலத்து கிரத்தேன். அதுவும் நல்ல சாப்பாடுதான், ஆனால் தோஃபினுவா என்ற பெயரை அதற்கு வைத்தால் எங்கள் வீட்டு மேசையில் அமைதி போய்விடும்.

ஒரு கிலோ உருளைக்கிழங்கைத் தோல் சீவி, கழுவித் துடைத்து, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாக நறுக்கவும். நறுக்கிய பின் கழுவவே கூடாது. அந்த மாவுதான் பாலைக் கெட்டிப்படுத்தும். அரை லிட்டர் முழுப் பால், 250 மில்லி கொழுப்புள்ள கிரீம், உப்பு, மிளகு, துருவிய ஜாதிக்காய் சேர்த்து, வில்லைகளை அதில் பத்து நிமிடம் மெல்லிய தீயில் வேகவிடவும், அடிக்கடி கிளற வேண்டும். வெட்டிய பூண்டால் தட்டின் உட்புறத்தைத் தேய்த்து, வெண்ணெய் தடவி, எல்லாவற்றையும் கொட்டி 160 டிகிரியில் ஒரு மணி நேரம். மேலே பொன்னிறம் வந்து ஓரத்தில் மெதுவாகக் குமிழ்விட்டால் சரி. எடுத்ததும் வெட்டாதீர்கள், பத்து நிமிடம் பொறுங்கள்.

இவ்வளவு கிரீமுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை சாலட் கட்டாயம். ஒரு பங்கு வினிகர், அரைத் தேக்கரண்டி கடுகு விழுது, உப்பு கலந்து, மூன்று பங்கு எண்ணெய். இங்கே வால்நட் எண்ணெய் ஊற்றுவோம். கிரெனோபிள் வால்நட்டுக்கு 1938-லேயே விளையும் இடத்தை உறுதிசெய்யும் பூர்விக முத்திரை கிடைத்துவிட்டது, ரயில் பாதைக்கு அடியில் நடக்கும் எஸ்தகாத் சந்தையில் மூட்டையாகக் கிடைக்கும்.

ஜனவரி 6, பிப்ரவரி 2

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். ஜனவரி பிறந்ததும் ஊரெல்லாம் அதற்கான பாதாம் பேஸ்ட்ரி, கலெத் மயம். 120 கிராம் பாதாம் பொடி, 80 கிராம் சர்க்கரை, 80 கிராம் மெத்தென்ற வெண்ணெய், ஒரு முட்டை, ஒரு கரண்டி ரம், இவற்றைக் குழைத்து, வட்டமான பஃப் பேஸ்ட்ரியின் மேல் ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டுப் பரப்பவும். ஒரு பீங்கான் பொம்மையை, அதாவது ஃபேவ்வை, ஓரத்துப் பக்கமாகப் புதைக்கவும். நடுவில் வைத்தால் கத்தி முட்டிக் குட்டு உடைந்துவிடும். மேலே இன்னொரு வட்டம், ஓரத்தை ஈரம் தொட்டு ஒட்டி, அரை மணி குளிர்பெட்டியில். அப்புறம் முட்டை மஞ்சள் தடவி, கத்தி முனையால் கோலம் கீறி, நடுவில் ஒரு துளை குத்தி, 190 டிகிரியில் அரை மணிக்குச் சற்று மேல். பஃப் பேஸ்ட்ரியைக் கடையில் வாங்குங்கள், பாவமில்லை. ஆனால் உறையில் முழு வெண்ணெய் என்று போட்டிருக்க வேண்டும்.

வீட்டின் கடைக்குட்டி மேசைக்கு அடியில் போய், எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்லும். பொம்மை கிடைத்தவர்தான் அன்றைய ராஜா, அவருக்குக் காகித மகுடம். எலிசே மாளிகைக்குச் செய்யும் கலெத்தில் மட்டும் பொம்மை வைப்பதில்லை, குடியரசுத் தலைவர் ராஜாவாகக் கூடாதாம்!

பிப்ரவரி 2 ஷாந்த்லர் என்ற மெழுகுவர்த்தித் திருநாள், மெல்லிய தோசை போன்ற கிரெப் சுடும் நாள். 250 கிராம் மைதா, நான்கு முட்டை, அரை லிட்டர் பால், 50 கிராம் உருக்கிய வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. ஒரு மணி நேரம் மாவு ஓய்வெடுக்கட்டும். இதற்கு மேல் தோசை சுட்ட கைக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: கரண்டியால் தேய்க்க வேண்டாம், கல்லைச் சாய்த்துச் சுற்றுங்கள். இடது கையில் ஒரு தங்கக் காசைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கிரெப்பைத் தூக்கிப் போட்டுத் திருப்பினால் ஆண்டு முழுக்கப் பணம் தங்கும் என்பார்கள். தங்கம் இல்லாதவர்கள் யூரோவைப் பிடிக்கிறார்கள்.

இனி உடுப்பு

இங்கே குளிர் வெளியில்தான். டிராம், கடை, அலுவலகம் எல்லாம் கதகதப்பாக இருக்கும். வீட்டில் 19 டிகிரிதான் அரசு சொல்லும் அளவு, 2022-ல் மின்சார விலை ஏறியபோது அதை ஓயாமல் நினைவூட்டினார்கள். அதனால் ஒரே தடிமனான உடையை விட, கழற்றி மாட்டக்கூடிய மூன்று அடுக்குதான் சரி.

அடியில் உடம்போடு ஒட்டிய மெல்லிய முழுக்கை. ரூபே நகரில் 1953-ல் தொடங்கிய தமார் நிறுவனத்தின் தெர்மோலாக்தில் துணி இதற்குப் பெயர்போனது. கிழவிகள் போடுவது என்று கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். அதன் மேல் பருத்திச் சட்டை அல்லது கோடு போட்ட மாலுமிச் சட்டையான மரினியேர். மூன்றாவது கம்பளி ஸ்வெட்டர். உறையைத் திருப்பி எத்தனை சதவீதம் கம்பளி என்று பாருங்கள். அக்ரிலிக் பார்க்கத்தான் கம்பளி, பேருந்து நிறுத்தத்தில் நின்றால் தெரிந்துவிடும். சுடிதார் விடமாட்டேன் என்பவர்கள் அதற்கடியில் 80 டெனியர் தடிமனுள்ள காலுறை போடலாம், நானும் அப்படித்தான்.

நிறத்தில் என் யோசனை: கோட், பூட்ஸ், பை மூன்றும் கருநீலம், கறுப்பு, சாம்பல் இவற்றுக்குள். மஞ்சளோ சிவப்போ, நம் ஆசையெல்லாம் கழுத்துத் துண்டில் காட்டிக்கொள்ளலாம். என் காஞ்சிபுரப் பட்டுத் துப்பட்டாவைக் கோட்டுக்குள் சுற்றிப் போனால் சந்தையில் விசாரிக்காதவர் இல்லை. ஆனால் காற்று வீசும் நாளில் பட்டு உதவாது, நீளமான கம்பளித் துண்டுதான். அதை இரண்டாக மடித்துக் கழுத்தின் பின்னால் போட்டு, ஒரு பக்கம் வரும் வளையத்துக்குள் மறுபக்கத்து இரண்டு முனைகளையும் நுழைத்து இழுங்கள். முடிச்சைத் தொண்டைக்கு மேலே ஏற்றிவிட்டால் கோட்டின் முதல் பட்டன் வழியாகக் காற்று புகாது.

பனி பெய்தால் நடைபாதையில் உப்புத் தூவுவார்கள். பூட்ஸில் வெள்ளைத் திட்டு படியும். தண்ணீரில் பாதிக்குப் பாதி வினிகர் கலந்து துணியால் துடைத்தால் போய்விடும், காய்ந்தபின் பாலிஷ். ஹீட்டர் மேல் வைத்துக் காயவைத்தால் தோல் வெடிக்கும்.

ஸ்வெட்டரை ஒவ்வொரு முறை போட்டபின்னும் துவைக்க வேண்டாம், ஜன்னலோரம் ஓர் இரவு காற்றாட விட்டால் போதும். துவைக்கும்போது குளிர்ந்த நீரில், பிழியாமல், துவாலையில் சுருட்டி அமுக்கித் தண்ணீரை எடுத்து, படுக்கை வசமாகக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் முழங்கால் வரை நீளும். தாளிக்கும் முன்பும், ராக்லெத் சீஸ் உருக்கும் இரவிலும், கோட்டையும் கம்பளியையும் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். கடுகு, கறிவேப்பிலை, உருகிய சீஸ் எதுவானாலும் கம்பளி ஒரு வாரம் விடாது.

கோட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம், ஆனால் நவம்பரில் முழு விலை கொடுக்கவும் வேண்டாம். அவசரம் என்றால் எம்மாவுஸ் பழைய பொருள் கடைகளில் நல்ல கம்பளிக் கோட் மலிவாகக் கிடைக்கும். புதிதுதான் வேண்டும் என்றால் குளிர்காலத் தள்ளுபடி பெரும்பாலான மாவட்டங்களில் ஜனவரி முதல் அல்லது இரண்டாம் புதன்கிழமை தொடங்கி நான்கு வாரம் நடக்கும். அதற்கு முந்தின வாரமே தடித்த ஸ்வெட்டரோடு கடைக்குப் போய் மாட்டிப் பாருங்கள், கையை முன்னால் நீட்டினால் முதுகில் பிடிக்கக் கூடாது. அளவையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு, புதன்கிழமை காலை கடை திறக்கும்போதே நில்லுங்கள். 38, 40 அளவுகள் மதியத்துக்குள் போய்விடும்.