மனச்சுமையும் உடல்நோயும்: டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெஞ்சை அடைக்கிறது, வாய்வு பிடித்துக்கொண்டது, கைகால் அசதி தீரவில்லை என்று சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வருபவர்களுள் சிலருக்கு எந்தப் பரிசோதனையிலும் குறை தென்படுவதில்லை. மனச்சோர்வு எல்லோருக்கும் அழுகையாக வெளிப்படுவதில்லை. பலருக்கு அது உடல் புகாராகவே வருகிறது. அத்தகையவருக்கு ஒரு சத்து ஊசியும் வாய்வு மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுவதே நாம் அடிக்கடி காணும் தவறு.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது. கடன் தொல்லை உள்ளவர் என்று தெரிந்துவிட்டால், அவருடைய நெஞ்சுவலியையும் "எல்லாம் மனக்கவலைதான்" என்று வீட்டாரே முடிவு கட்டிவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரலாம் என்பதால், இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதற்கு முன் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. மேலும், கவலையே மாரடைப்புக்கு ஒரு காரணி: 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, புகைப்பழக்கம், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மன அழுத்தத்தையும் ஒரே பட்டியலில் வைத்தது.

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுமா என்பதில் தொடங்கி, அறுவடைக்கு நிற்கும் சம்பா மழையில் சாய்ந்துவிடுமோ, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று நெல்லைத் திருப்பிவிடுவார்களோ என்பது வரை, டெல்டா விவசாயியின் கவலை ஆண்டு முழுவதும் நீள்கிறது. கவலை நீடிக்கும்போது சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் கல்லீரலைக் கூடுதலாகச் சர்க்கரை வெளியிடச் செய்வதோடு இன்சுலினின் வேலையையும் மந்தப்படுத்துகிறது. ஆகவே, ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் சர்க்கரை ஏறியிருந்தால், மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் "ராத்திரி தூக்கம் வருகிறதா, ஐயா?" என்று கேட்க வேண்டும். தூக்கத்துக்காகக் குடிப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: மது கண்ணை மூட வைத்தாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

மனநல மாத்திரையைப் பத்து நாளில் "கேட்கவில்லை" என்று நிறுத்துவதும், சற்றுத் தெளிந்தவுடன் நிறுத்துவதும் பரவலான பிழைகள். மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்; குணமான பிறகும் மருத்துவர் சொல்லும் காலம் வரை, பொதுவாக ஆறு மாதமாவது, தொடர வேண்டும். குணசீலம் கோயிலுக்கோ நாகூர் தர்காவுக்கோ போவதில் குற்றமில்லை, போகிறவருக்கு அது தெம்பும் தரலாம். மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் குற்றம்.

பொதுச் சுகாதாரத்தில் நேரும் பெரிய தவறு, பேரிடருக்குப் பிந்தைய மனநல உதவியைச் சில வாரங்களில் முடித்துக்கொள்வது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை அழித்தது. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும்போது, அதை நம்பியிருந்தவரின் துயரத்துக்கு மட்டும் ஒரு மாதத் தவணை கொடுப்பது பொருந்தாது. 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பெண்கள், "கடந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்திருக்கிறதா? எதிலும் நாட்டம் குறைந்திருக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் பலரை முன்கூட்டியே கண்டறியலாம் என்பது என் கருத்து.

பூச்சிமருந்தைக் குடியிருக்கும் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். பூட்டு போட்ட மோட்டார் கொட்டகையில் வைப்பது உயிர் காக்கும் ஏற்பாடு. வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை மிரட்டலாக எண்ணி ஒதுக்காமல், அவரைத் தனியே விடாமல், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணை, அழைக்க வேண்டும். கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.