ஏற்காட்டைக் கோடையில் நடந்தே பார்க்க

சேலம் 39 டிகிரியில் கொளுத்தும் நாளில் ஏற்காட்டில் 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஏமாறுவதும் அங்கேதான். மலைக்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் உடம்பு எவ்வளவு தண்ணீர் இழந்தது என்பதே தெரியாது. பத்து மணிக்குத் தலைவலி வந்து ‘மலை ஒத்துக்கலை’ என்று உட்காருபவர் பலருக்கும் உண்மையில் தண்ணீர்தான் போதவில்லை.

மலைப்பாதையை நடந்து ஏற வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒதுங்க ஓரம் இல்லை, மே மாத மலர்க்கண்காட்சி நாட்களில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். பேருந்தில் ஏரிப் பக்கம் இறங்கி, நடையை அங்கே தொடங்குங்கள்.

காலை ஆறு முதல் பத்து வரை ஒரு நடை, நாலு மணிக்கு மேல் ஒரு நடை. சேர்வராயன் கோயில் காலைக்கு மட்டுமே. 1,600 மீட்டருக்கு மேலுள்ள மொட்டை உச்சி அது. ஒதுங்க நிழல் கிடையாது. ஏப்ரல், மே பிற்பகலில் திடீரென இடி மழையும் வரும். கிழக்கே மேகம் கறுத்தாலும் மேற்கே கறுத்தாலும் உடனே இறங்கிவிடுங்கள். பகோடா பாயிண்ட் காட்சிமுனையை மறுநாள் காலைக்கு வையுங்கள். லேடீஸ் சீட் மாலைக்கு: ஊரிலிருந்து அதிக தூரமில்லை, பொழுது சாய்ந்ததும் கீழே சேலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவது அவ்வளவு அழகு! கிளியூர் அருவியைக் கோடையில் விட்டுவிடலாம். பெரும்பாலும் வெறும் பாறைதான் இருக்கும், இறங்கிய செங்குத்தை வெயிலில் திரும்ப ஏறவும் வேண்டும். 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலையை ஒரே நாளில் முடிக்க ஆசைப்படாதீர்கள். சில்வர் ஓக் நிழல் விழும் காப்பித் தோட்டத்து ஓரங்களை மட்டும் துண்டு துண்டாக நடங்கள். வேலி தாண்டக் கூடாது, தோட்டங்கள் தனியாருடையவை.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மணிக்கு அரை லிட்டர், தாகத்துக்குக் காத்திராமல். ஒரு பாட்டிலில் உப்பு சர்க்கரைக் கரைசல் இருக்கட்டும்: ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டினால் கெடுதல்.

கூட்டமாக நடக்கும்போது அதிகம் கெடுவது வேகத்தில். முன்னே போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறியிருப்பார்கள். பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் எழுந்துவிடுவார்கள். ஓய்வே தேவைப்பட்டவருக்கு ஓய்வு கிடைக்காது. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை நில்லுங்கள், கடைசி ஆள் வந்தபின் ஐந்து நிமிடம் எண்ணுங்கள்.

பருத்திக் காலுறை வியர்வையில் ஊறித் தோலை உரசும். காலில் எரிச்சல் தெரிந்த உடனே பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளம் எழுந்த பிறகு பயன் குறைவு. இறக்கத்தில் கட்டைவிரல் முட்டாமலிருக்க நகம் வெட்டி, கணுக்காலருகே நாடாவை இறுக்குங்கள்.

யாருக்காவது கிறுகிறுத்தால் நிழலில் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, சிறுகச் சிறுகக் கரைசல் கொடுங்கள். பேச்சு குழறினால், நினைவு தடுமாறினால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடம்பு முழுக்க நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

லேடீஸ் சீட்டில் விளக்குகளைப் பார்த்தாலும் முழுக்க இருட்டும் முன் ஊருக்குள் வந்துவிடுங்கள். அந்த நேரத்தில்தான் காட்டெருமைகள் சாலையோரம் மேயவரும். எதிர்ப்பட்டால் கூச்சலிடாமல், படமெடுக்க நெருங்காமல், வந்த வழியே பின்வாங்குங்கள்.