கிரீம் சாண்ட்விச் கேக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேக் செய்யக் கற்றுக்கொள்ள வருபவர்களை நான் முதலில் விக்டோரியா சாண்ட்விச், அதாவது இரண்டு கேக் அடுக்குகளுக்கு நடுவே ஜாமும் கிரீமும் வைத்த கேக், செய்யச் சொல்வது வழக்கம். முட்டைகளை ஓட்டோடு நிறுத்து, அதே எடைக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா எடுத்துக்கொள்ளும் எளிய கணக்கு அது. நான்கு முட்டைகளின் மாவு 8 அங்குல டின்கள் இரண்டுக்குப் போதும். ஓவனை முன்கூட்டியே சூடாக்க மறப்பது, கதவைத் திறந்து திறந்து பார்ப்பது ஆகியவற்றை எல்லோரும் விரைவிலேயே தாமாகத் திருத்திக்கொள்வதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆறாத கேக்கில் கிரீம் வைப்பது

திரும்பத் திரும்பப் பார்த்தும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. முட்டை, வெண்ணெய், கிரீம் என்று செலவிட்ட பணமும் பாதி நாள் உழைப்பும் சில நிமிடங்களில் வீணாகிவிடுகின்றன. அடித்த கிரீமில் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காற்றுக் குமிழிகளைப் பிடித்து நிறுத்துகின்றன; குளிர்ச்சி இருக்கும்வரைதான் அந்தப் பிடி நீடிக்கும். கேக்கின் சூடு பட்டதும் கொழுப்பு இளகி, கிரீம் தளர்ந்து வழியும். மேலடுக்கு ஒரு பக்கமாகச் சரியும்.

என்னிடம் கற்ற ஒருவர், சித்திரை வெயிலில் தம் மகளின் பிறந்தநாளுக்கு இந்த கேக்கைச் செய்தார். ஆங்கிலேயச் செய்முறை ஒன்றில் அறை வெப்பநிலைக்கு ஆறவிடுமாறு எழுதியிருந்ததை நம்பி, அவர் பொறுமையாகவே காத்திருந்தார். ஆனால் அதை எழுதியவரின் சமையலறை ஏறத்தாழ 20 டிகிரியில் இருந்திருக்கும். சென்னையில் அந்த மாதத்தில் மின்விசிறியின் கீழும் 33 டிகிரிக்குக் குறையாது. கேக் முழுமையாக ஆறியும் கிரீமுக்குச் சூடாகவே இருந்தது. விருந்தினர் வந்தபோது மேலடுக்கு தட்டின் ஓரத்தில் கிடந்தது. அந்தக் குழந்தையின் முகம் வாடியதைப் பார்த்த பிறகு, இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லாமல் நான் விடுவதில்லை.

ஆகவே, கேக்கைக் கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, அடிப்பாகத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஓரம் ஆறிய பின்னும் நடுவில் சூடு தங்கியிருக்கும். அதன்பின் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். சுற்றாமல் வைத்தால் கேக் வறண்டுவிடும். வெகுநேரம் வைத்தால் அதிலுள்ள வெண்ணெய் உறைந்து கேக் கெட்டியாகும்.

எந்தக் கிரீமையும் அடிக்கலாம் என்று எண்ணுவது

குழம்பில் ஊற்றுவதற்காகப் பெட்டிகளில் விற்கும் ஃபிரெஷ் கிரீமில் சுமார் 25% கொழுப்புதான் உண்டு; அதை எவ்வளவு அடித்தாலும் நிமிர்ந்து நிற்காது. 30 சதவீதத்துக்குக் குறையாத, முடிந்தால் 35 சதவீதக் கொழுப்புள்ள விப்பிங் கிரீமை வாங்குங்கள். கிரீமையும் பாத்திரத்தையும் அடிக்கும் கம்பிகளையும் நன்றாகக் குளிரவைத்து, முனை லேசாக வளையும் பதத்திலேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெய் திரளும்.

மாவைக் கண்ணளவில் பிரிப்பது

கலந்த மாவை இரண்டு டின்களுக்கும் சமமாகத் தராசில் நிறுத்துப் பிரியுங்கள்.

நீர்த்த ஜாம்

கெட்டியான ஜாமை மட்டும் கீழடுக்கில் தடவி, அதன்மேல் கிரீமை வையுங்கள்.

வெளியே வைத்திருப்பது

வெயில் காலத்தில் கிரீம் வைத்த கேக்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரத்தில் பரிமாறினால் கேக் மென்மையாகவும் கிரீம் நிலையாகவும் இருக்கும். மீந்ததை மூடி உள்ளே வைத்து மறுநாளே உண்டுவிடுங்கள்.