பயறு போட்ட பாஸ்தா சூப்: வேலை நாள் ராத்திரிக்கு

பாஸ்தா சூப்போடு ராத்திரிச் சாப்பாட்டை முடிக்க வேண்டுமென்றால் முதலில் பயறை ஊறப் போடுங்கள். பாஸ்தா அப்புறம். கேரட்டும் பீன்ஸும் மிதக்கிற தண்ணீர் சூப்பில் எவ்வளவு மக்ரோனி அள்ளிப் போட்டாலும், எட்டு மணிக்குக் குடித்தவர்களுக்குப் பத்து மணிக்குப் பசிக்கும். பிள்ளைகள் பிஸ்கட் டப்பாவைத் தேடுவார்கள். அதே பாத்திரத்தில் ஓர் ஆழாக்குப் பயறு வெந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு மசிந்து கரைந்திருந்தால் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்ற வேண்டிய அவசியமே வராது.

மன்னார்குடியில் விதை, உரம் விற்கிற கடை வைத்திருக்கிறேன். மனைவி நர்ஸ். அவருக்கு மத்தியான ஷிப்ட் விழுகிற வாரங்களில் ராத்திரிச் சமையல் என் பொறுப்பு. ஏழரைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்தால் எட்டரைக்குள் அம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சாப்பாடு வைத்தாக வேண்டும். ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கும் சூடாக ஏதாவது இருக்க வேண்டும். இந்த சூப் அந்த நேரத்துக்குள் அடங்கும். காலையில் ஒரு நிமிஷ வேலை, ராத்திரியில் முக்கால் மணி நேரம்.

இத்தாலியில் இதைப் பாஸ்தா எ ஃபஜோலி என்பார்கள். பயறும் பாஸ்தாவும் சேர்த்துச் செய்கிற குடியானவர் வீட்டுச் சாப்பாடு. வடக்கே ஒரு பக்குவம், தெற்கே ஒரு பக்குவம். கொண்டைக்கடலை போட்டுச் செய்கிற ஊர்களும் உண்டு. இன்றைக்கு அங்கே பெரும்பாலும் ராஜ்மா இனத்தைச் சேர்ந்த பயறுகளைத்தான் போடுகிறார்கள். அந்த இனம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது 16-ஆம் நூற்றாண்டில்தான். தக்காளியும் அப்படிப் போனதுதான். அதற்கு முன்னால் அந்த நாட்டுக்காரர்கள் வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தது நம்முடைய தட்டைப்பயறு இனம், கறுப்புக் கண் வைத்த காராமணி. இத்தாலியின் டஸ்கனி பக்கத்தில் இன்னமும் அதை விதைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். அதனால் ராஜ்மா இல்லையே என்று யாரும் குறைப்பட வேண்டாம். தட்டைப்பயறு ராஜ்மாவைவிடச் சீக்கிரம் வேகும், தோல் மெல்லிசு, மசித்தால் குழம்பு வழவழவென்று வரும். வேலை நாளுக்கு இதுதான் சரி.

பயறு வாங்குகிற இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். வெள்ளை ரகமா சிவப்பு ரகமா என்பது பெரிய விஷயமில்லை. புதுசா பழசா என்பதுதான் விஷயம். எங்கள் பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நெற்பயிர் நிற்கிற வயலுக்குள் ஈரத்தில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். அறுத்த பிறகு மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் தைப்பனியிலுமே அது வளர்ந்து, பங்குனி வாக்கில் காய் கறுத்துவிடும். அந்தச் சமயத்தில் வாங்குகிற பச்சைப்பயறு குக்கரில் வைத்த சுருக்கில் வெந்துவிடும். தட்டைப்பயறுக்கும் இதே கணக்குதான். புதுசாக இருந்தால் இரண்டு விசில் போதும். அதே பயறு கோடை முழுக்கச் சூட்டிலும், அப்புறம் ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றிலும் மூட்டையில் கிடந்தால் உள்ளே இறுகிப்போகும். ஐந்து விசில் விட்டாலும் நடுவில் மாவு கடிபடும்.

கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். புதுப் பயறு வெளிர் சந்தன நிறத்தில், லேசாகப் பளபளக்கும். கண்ணைச் சுற்றியிருக்கிற கறுப்பு பளிச்சென்று இருக்கும். பழையது பழுப்பேறி மங்கிக் கிடக்கும். ஊசியால் குத்தி எடுத்ததுபோலச் சின்ன வட்டத் துளை தெரிந்தால் வண்டு உள்ளே இருந்து தின்றுவிட்டு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அந்த மூட்டையையே விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் தண்ணீரில் கொட்டிக் கிளறுங்கள். துளை விழுந்தவை மேலே மிதக்கும், அரித்து எடுத்துவிடலாம்.

நாலு பேருக்கு ஓர் ஆழாக்கு, ஏறக்குறைய 150 கிராம். காலையில் காபி போடும்போதே கழுவி, மூன்று பங்கு தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கல் உப்புப் போட்டு ஊற வைத்துவிடுவேன். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பலர் சொல்வார்கள். ஊறுகிற தண்ணீரில் போடுகிற உப்பு தோலை இளக்கத்தான் செய்யும். வேகவிடாமல் பிடித்து வைப்பது புளிப்பும் கடினத் தண்ணீரும். புளியைக் கரைத்து ஊற்றிய பிறகு பருப்பு வேகாது என்று சாம்பார் வைக்கிற எல்லாருக்கும் தெரியும். தக்காளிக்கும் அதே விதி. அதனால் பயறு முழுசாக வெந்த பிறகுதான் தக்காளியோடு சேர வேண்டும். வீட்டுப் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற ரகமென்றால் ஊற வைக்கவும் வேக வைக்கவும் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள்.

காலையில் ஊறப் போட மறந்துவிட்டால் பச்சைப்பயறு இருக்கிறது. வாசனை வருகிற வரை வெறும் கடாயில் வறுத்து, கழுவி, ஊறாமலே குக்கரில் வைத்து நாலைந்து விசில். சூப்பின் நிறம் கொஞ்சம் மங்கும், ருசி குறையாது.

சரி, ராத்திரி வேலைக்கு வருவோம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நாலு டம்ளர் புதுத் தண்ணீர், ஒரு பிரிஞ்சி இலை, தோலோடு நசுக்கிய இரண்டு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துக் குக்கரை மூடுங்கள். டம்ளர் என்று நான் சொல்வது 200 மில்லி. இரண்டு மூன்று விசில் விட்டு அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கி விட்டால் பயறு வெடித்துத் தோலெல்லாம் தனியாக மிதக்கும். அந்தத் தண்ணீரை ஒரு சொட்டும் கொட்டாதீர்கள். சூப்புக்கு ஸ்டாக் என்று தனியாக வேகவைத்து எடுக்கிற சாறு கிடையாது, கடையில் விற்கிற சூப் க்யூபும் கிடையாது; பயறு வெந்த தண்ணீர்தான் எல்லாம்.

பக்கத்து அடுப்பில் அடிகனமான பாத்திரம். பெரிய வெங்காயம் இரண்டு, கேரட் ஒன்று, கொத்தமல்லித் தண்டு ஒரு கைப்பிடி. வெங்காயத்தையும் கேரட்டையும் பயறு அளவுக்கே பொடியாக நறுக்குங்கள். கரண்டியில் அள்ளும்போது எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும். இத்தாலியில் மல்லித் தண்டுக்குப் பதில் செலரி போடுவார்கள். எங்கள் மார்க்கெட்டில் செலரியைப் பார்க்க முடியாது. மல்லித் தண்டு வேறு வாசனைதான், ஆனாலும் அடிச்சுவைக்கு அந்தப் பச்சை வாடை போதும். மூன்று மேஜைக்கரண்டி கடலை எண்ணெய் காய்ந்ததும் இவற்றைக் கொட்டி, அரை டீஸ்பூன் உப்புத் தூவி, தீயைக் குறைத்துவிடுங்கள்.

அவசரப்படவே கூடாத இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். பன்னிரண்டு நிமிஷமாவது ஆகும். முதலில் வெங்காயத் தண்ணீர் விட்டுப் படபடவென்று பொரியும். தண்ணீர் வற்ற வற்ற அந்தச் சத்தம் அடங்கி மெல்லிய சீறலாகும். வெங்காயம் கண்ணாடியாகி, ஓரத்தில் லேசாகப் பொன்னிறம் தட்டும்போது முகர்ந்து பாருங்கள். காரவாடை போய் இனிப்பு வாடை வந்திருக்கும். சிவக்க வதக்கினால் பிரியாணி வாசனை வந்துவிடும், அது இதற்கு ஆகாது. இப்போது பொடியாக நறுக்கிய ஆறு பல் பூண்டும், கிள்ளிப் போட்ட ஒரு காய்ந்த மிளகாயும் ஒரு நிமிஷம். கடுகு, கறிவேப்பிலை, சோம்பு, கரம் மசாலா எதுவும் வேண்டாம். அதில் ஒன்றைப் போட்டாலும் சூப் குருமா பக்கம் சாய்ந்துவிடும். இந்தச் சாப்பாட்டின் ருசியே வெங்காயமும் பூண்டும் பயறும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்பதில் இருக்கிறது.

நாட்டுத் தக்காளி மூன்றைத் துருவி ஊற்றுங்கள். தோல் கையிலேயே தங்கிவிடும். மிதமான தீயில் ஏழெட்டு நிமிஷம், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கிற வரை. தொக்குப் பதத்துக்கு முந்தின கட்டம். தக்காளி பச்சையாக நின்றால் ரசத்தின் புளிப்பு வரும். நன்றாகச் சுண்டினால்தான் சூப்புக்கு அடி பலம் கிடைக்கும். தையில், மாசியில் பரங்கிக்காய் மலிவாகக் கிடைக்கும்போது ஒரு கீற்றைச் சின்னத் துண்டாக்கி இதோடு போடுவேன். பாதி கரைந்து சூப்பைக் கெட்டிப்படுத்தும், பாதி துண்டாக நிற்கும்.

இதற்குள் குக்கர் அடங்கியிருக்கும். பிரிஞ்சி இலையை எடுத்துவிட்டு, வெந்த பூண்டைத் தோலிலிருந்து பிதுக்கி உள்ளே போடுங்கள். பயறில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தண்ணீரோடு தனிக் கிண்ணத்தில் எடுத்து மத்தால் கடையுங்கள். மிக்ஸி வேண்டாம், பசைபோல ஒட்டும், கழுவ ஒரு பாத்திரமும் கூடும். கடைந்தது, முழுப் பயறு, வெந்த தண்ணீர் எல்லாவற்றையும் தக்காளிக் கலவையில் ஊற்றி, மேலே மூன்று டம்ளர் கொதிதண்ணீர் சேர்த்து, பத்து நிமிஷம் மெல்லக் கொதிக்க விடுங்கள். உப்பு பார்க்க வேண்டிய நேரமும் இதுதான். பாஸ்தா உப்பைக் குடிக்கும் என்பதால் ஒரு துளி தூக்கலாகவே இருக்கட்டும். பார்க்க ரொம்பத் தண்ணியாகத் தெரியும். தெரியட்டும்.

பாஸ்தா வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். டியூரம் என்கிற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்ததாக இருக்க வேண்டும். மைதாவில் செய்தது சூப்பில் கிடந்தால் கொழகொழத்து உருவம் கெட்டுவிடும். சின்ன வடிவம்தான் தோது: குட்டி முழங்கை மக்ரோனி, சின்னச் சிப்பி. ஸ்பகெட்டி இருந்தால் துணியில் சுற்றி விரற்கடை அளவுக்கு ஒடித்துப் போடலாம். சேமியா போட்டால் குற்றமில்லை, ஆனால் இரண்டே நிமிஷத்தில் வெந்து, ஐந்தாவது நிமிஷத்தில் கரைய ஆரம்பிக்கும். உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட முடியாது.

நாலு பேருக்கு 120 கிராம் போதும். இன்னும் கொஞ்சம் என்று கை போகும், விடாதீர்கள். தனியாக வேகவைத்து வடிக்க வேண்டாம். கொதிக்கிற சூப்பிலேயே போட்டால் பாஸ்தாவின் மாவு சூப்பில் இறங்கிக் கெட்டியாகும், சூப்பின் ருசி பாஸ்தாவில் ஏறும். பாக்கெட்டில் ஒன்பது நிமிஷம் என்று போட்டிருந்தால் ஏழாவது நிமிஷம் ஒன்றை எடுத்துக் குறுக்கே கடித்துப் பாருங்கள். வெட்டுப்பட்ட இடத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். புள்ளி ஊசி முனை அளவுக்குச் சிறுத்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். அடி பிடிக்காமல் இடையிடையே கிண்டுங்கள். பயறு மாவு அடியில் உட்காரப் பார்க்கும்.

அணைப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டு, மூடாமல் கிளறுங்கள். மூடினால் நிறம் போய்க் கசப்பு ஏறும். அணைத்த பிறகு புதிதாக நுணுக்கிய மிளகு அரை டீஸ்பூன், ஒரு ஸ்பூன் நெய். இத்தாலியில் பச்சை ஆலிவ் எண்ணெயை மேலே ஊற்றிப் பார்மேசான் சீஸ் துருவுவார்கள். வீட்டில் சீஸ் இருந்தால் கொஞ்சம் துருவுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு நெய்யும் மிளகும் போதும். அப்புறம் ஐந்து நிமிஷம் அப்படியே விட்டுவிடுங்கள். தண்ணியாகத் தெரிந்ததெல்லாம் இப்போது கரண்டியில் ஒட்டி மெதுவாக வழிகிற பதத்துக்கு வந்திருக்கும்.

அம்மாவுக்குப் பல் சரியில்லை. அவருடைய கிண்ணத்தை மட்டும் இன்னும் பத்து நிமிஷம் மூடி வைத்துத் தருவேன்; பாஸ்தா ஊறி மெத்தென்று ஆகிவிடும். "பயத்தங்கஞ்சியில மக்ரோனிய போட்டிருக்கே, நல்லாத்தான்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டாம் கரண்டி கேட்பார்.

மனைவியின் பங்கைப் பாஸ்தா போடுவதற்கு முன்னாலேயே ஒரு சின்னப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிடுவேன். வீட்டில் யாராவது தாமதமாக வருவார்கள் என்றால் நீங்களும் இதையே செய்யுங்கள். பாஸ்தா போட்ட சூப் ஒன்றரை மணி நேரம் காத்திருக்காது. தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு உப்புமாவாகிவிடும். அவர் பஸ் ஏறிவிட்டேன் என்று போன் செய்ததும் அந்தச் சின்னப் பாத்திரத்தைக் கொதிக்கவைத்து ஒரு கைப்பிடி பாஸ்தா போட்டால், வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரத்துக்குத் தயாராகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நேரம் கிடைத்தால் பயறும் தக்காளியும் சேர்ந்த இந்த அடியை மட்டும் இரண்டு பங்காகச் செய்து, ஆறவைத்து, மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். மூன்று நாள் தாங்கும், மறுநாள் ருசி கூடவே செய்யும். எடுக்கும்போது கெட்டியாக இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துப் பாஸ்தா, கீரை, நெய் என்று கடைசி வேலைகளை மட்டும் செய்யுங்கள். பாஸ்தா பாக்கெட் தீர்ந்துபோன நாளில் பச்சரிசி நொய் அரை ஆழாக்குக் கழுவிப் போடுங்கள். இத்தாலியிலும் போ ஆற்றங்கரையில் நெல் விளைகிற ஊர்களில் பயறோடு அரிசி சேர்த்து இப்படிச் செய்கிறார்கள். நொய்க்குப் பதினைந்து நிமிஷம் பிடிக்கும், தண்ணீர் இன்னும் ஒரு டம்ளர் கூட வேண்டும்.